இயந்திரம் வருவதற்கு முன்னால்: மதுரை நிலத்தில் மண் ஆய்வின் முதல் பாதி

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டடம் கட்டத் தொடங்குவோர் மண் பரிசோதனைக்காக என்னை அழைக்கும்போது, பேச்சு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்கும். “சார், ரெண்டு போர் போட்டு ரிப்போர்ட் குடுத்திருங்க, பிளான் அப்ரூவலுக்குக் கேக்குறாங்க” என்பார்கள். இடம் எங்கே இருக்கிறது, அதில் முன்பு என்ன இருந்தது, எத்தனை மாடி வரப்போகிறது, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதெல்லாம் நான் கேட்ட பிறகுதான் வெளியே வரும். மீட்டருக்கு எவ்வளவு என்ற விலைப் பேச்சு மட்டும் முன்னதாகவே வந்துவிடும். துளை போடும் முக்காலியும், பாரம் தூக்கும் ‘விஞ்ச்’ இயந்திரமும் லாரியிலிருந்து இறங்கும் நாள்தான் ஆய்வு தொடங்கும் நாள் என்பது பொதுவான எண்ணம். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. இயந்திரம் வருவதற்கு முன்னால் நடக்கிற வேலைதான் அந்தத் துளைக்குப் பொருள் தருகிறது; அந்த வேலை நடக்காத மனையில் போட்ட துளை, தான் நிற்கிற புள்ளியைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசுவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். நிலத்தடி ஆய்வுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1892, அதன் 1979ஆம் ஆண்டுப் பதிப்பில், சுமார் 0.4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்புள்ள கட்டட மனைக்கு நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து துளைகளோ சோதனைக் குழிகளோ போதும் என்று சொன்னது. துளையின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஐந்து துளைகளின் மொத்தப் பரப்பு 400 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. மனையின் பரப்போ 4,000 சதுர மீட்டர். ஆக, நாம் உண்மையில் தொட்டுப் பார்ப்பது லட்சத்தில் ஒரு பங்கு நிலத்தை. மீதி முழுவதையும் ஊகித்துத்தான் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே கோடு இழுக்கிறோம். அந்தக் கோட்டை எங்கே வளைக்க வேண்டும், எங்கே இழுக்கவே கூடாது என்பதைத் துளை சொல்லாது. நிலத்தின் வரலாறும், மேற்பரப்பும், பக்கத்துக் கிணறுகளும், கையால் தோண்டிய குழியும்தான் சொல்லும்.

மதுரை நிலம் அப்படிப்பட்ட ஊகத்துக்கு எளிதில் பிடிகொடுக்காத நிலம். வடகிழக்கே யானைமலை, தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே நாகமலை, வடக்கே அழகர்மலை என்று பாறை நம் கண்முன்னே எழுந்து நிற்பதால், கீழேயும் எல்லா இடத்திலும் பாறை கைக்கெட்டும் ஆழத்தில்தான் இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. நைஸ், சார்னகைட், கிரானைட் என ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுள்ள கெட்டிப் பாறைகளே இந்த வட்டாரத்தின் அடித்தளம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாறையின் மேல்முகம் பூமிக்கடியில் சமதளமாக இல்லை. விரிசல்களின் வழியே நீர் இறங்கி, விரிசலையொட்டிய பாறை முதலில் மக்கிச் சரளையாகவும் மண்ணாகவும் மாறுகிறது. விரிசல்களுக்கு நடுவே அகப்பட்ட கட்டிகள் மக்காமல் உருண்டைப் பாறைகளாக மண்ணுக்குள் மிதந்து நிற்கின்றன. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு இரண்டு மீட்டரில் பாறை தட்டுப்படும். நான்கு வீடு தள்ளி அதைப் போல் நான்கு மடங்கு ஆழம் போனாலும் மக்கிய சரளைதான் வந்துகொண்டிருக்கும்.

மண்ணும் ஒரே மாதிரியில்லை. மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் சரளையும். திருமங்கலம், கள்ளிக்குடி, டி. கல்லுப்பட்டி, பேரையூர் என்று தெற்கும் தென்மேற்கும் போகப் போகக் கரிசல். வைகையின் இருகரையிலும் சோழவந்தானிலிருந்து சிலைமான் வரைக்கும் மணலும் வண்டலும் களியும் மாறி மாறி அடுக்கிய நிலம். இவற்றோடு மனிதர் ஆக்கிய நிலம் என்று ஒன்று தனியாக இருக்கிறது. மாசி வீதிகளுக்குள் பல தலைமுறைகளாக இடித்து, நிரப்பி, மேலே கட்டிய செங்கல் உடைசலும் சாம்பலும் ஓடும் கலந்த மேட்டு மண். நகரத்தின் விளிம்பில் மூடப்பட்ட கண்மாய்கள், வாய்க்கால்கள், செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளங்கள். இந்தக் கடைசி வகைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஏனென்றால் மேலே நின்று பார்க்கும்போது அது நல்ல மனையாகவே தெரியும். மேடு தட்டி, கிராவல் பரப்பி, கல் ஊன்றி வைத்திருப்பார்கள்.

ஆகையால் என் வேலை மேசையில்தான் தொடங்குகிறது. கிராமப் புல வரைபடத்தையும், நிலங்களின் வகைப்பாட்டைக் காட்டும் அ-பதிவேட்டையும் வாங்கிப் பார்ப்பேன். மனை இருக்கும் சர்வே எண்ணுக்குப் பக்கத்து எண்கள் என்ன வகைப்பாட்டில் இருக்கின்றன, வாய்க்கால் புறம்போக்கு எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசையில் போகிறது, கண்மாயின் கரை எங்கே, மடை எங்கே, கலுங்கு எங்கே என்பதைக் குறித்துக்கொள்வேன். இன்று தரையில் அந்த வாய்க்கால் இல்லாமல் இருக்கலாம்; பதிவேட்டில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். வாய்க்கால் பாதையில் படிந்த மென்களியும், அதை மூடப் போட்ட கட்டட இடிபாடுகளும் அப்படியே கீழே இருக்கும். நகரத்தின் குறுக்கே ஓடிய கிருதுமால் நதியையே இன்று பலர் சாக்கடை என்று நினைக்கும்போது, பெயரில்லாத கிளை வாய்க்கால்களை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

மதுரையில் கண்மாய் நிலத்தில் கட்டடம் எழுவது புதிய செய்தியல்ல. 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த நிலத்தில்தான் நிற்கிறது. நீர்நிலையை மூடலாமா என்ற கேள்வி மிக முக்கியமானது. அதில் எனக்கு உறுதியான கருத்தும் உண்டு, மூடக்கூடாது என்பதே அது. ஆனால் பத்திரம் பதிந்து, மனையாகி, கைமாறிவந்த நிலத்தில் கட்டப்போகும் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. கண்மாய்க்குள் எல்லா இடமும் ஒன்றல்ல. கரையை ஒட்டிய உள்வாயில் வண்டலும் களியும் தடிமனாகப் படிந்திருக்கும். நீர் வந்து சேரும் மேல்பக்கத்தில் படிவு மெல்லியதாகி, மணல் கலந்திருக்கும். கரை இருந்த இடத்தில் நூற்றாண்டுகளாக இறுகிய மண் இருக்கும். பழைய கரை மனையின் குறுக்கே போகுமானால், கட்டடத்தின் ஒரு பாதி இறுகிய மண்ணிலும் மறுபாதி மென்களியிலும் உட்காரும். சமமாக இறங்குகிற கட்டடத்தைவிடச் சமமில்லாமல் இறங்குகிற கட்டடமே விரிசல் விடும். அந்தக் கரையின் கோடு தெரியாமல் நான்கு மூலையில் துளை போட்டால், மண் எங்கே மாறுகிறது என்பதை அவை காட்டாமலேயே போக வாய்ப்பிருக்கிறது.

செங்கல் பள்ளங்களின் கதையும் இப்படித்தான். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பற்றி, மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே பின்பு தெப்பக்குளமாயிற்று என்று மதுரையில் வழிவழியாகச் சொல்வார்கள். அந்தப் பள்ளத்துக்குக் கல் படி கட்டி நீர் நிறுத்தியதால் அது எல்லோருக்கும் தெரிகிறது. வைகைக் கரைகளில் சூளைக்காரர்கள் மண் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்கள், பிற்பாடு குப்பையாலும் இடிபாடுகளாலும் நிரம்பி மனைகளாகிவிட்டன. எந்தப் பதிவேட்டிலும் அவை இல்லை. அவற்றைத் தெரிந்துகொள்ளப் பழைய விமானப் படங்களும் செயற்கைக்கோள் படங்களும் ஓரளவு உதவும். அதற்கு மேல் அங்கே வாழ்ந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதை நான் ஆய்வின் முறையான பகுதியாகவே வைத்திருக்கிறேன். பக்கத்து நிலத்தில் மாடு மேய்க்கும் பெரியவர், கிணறு வெட்டுகிறவர்கள், போர்வெல் வண்டி ஓட்டுகிறவர், பக்கத்து வீட்டுக்கு வானம் (அடித்தளக் குழி) தோண்டிய கொத்தனார் ஆகியோர் சொல்வதைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவைப்பேன். திருமங்கலம் சாலையில் ஒரு மனையில் ஒரு பெரியவர், “அந்த மூலையில மட்டும் மழை பேஞ்சா மாடு இறங்காது தம்பி, முழங்கா வரைக்கும் பொதையும்” என்றார். வரைபடத்தில் அங்கே எந்தக் குறியும் இல்லை. துளைகளில் ஒன்றை அந்த மூலைக்கு நகர்த்தினோம். மற்ற துளைகளில் இல்லாத மென்மையான கறுப்புக் களி அங்கே மூன்று மீட்டருக்கு மேல் இருந்தது. அவர் சொல்லாமலிருந்தால் அந்த மூலையில் துளையே விழுந்திருக்காது.

போர்வெல் வண்டிக்காரர்களின் அறிவை நம் துறையினர் போதுமான அளவு மதிப்பதில்லை என்பது என் வருத்தம். கேசிங் குழாய் எத்தனை அடி இறக்கினார்கள் என்று கேட்டாலே, சரியும் மண்ணும் மக்கிய பாறையும் எவ்வளவு ஆழம் வரை இருக்கின்றன என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஏனென்றால் கெட்டிப் பாறை தட்டியவுடன் கேசிங்கை நிறுத்திவிடுவார்கள். ஒரு தெருவில் ஏழெட்டு வீட்டின் கேசிங் ஆழத்தை விசாரித்து வரைந்தால், பாறை முகத்தின் மேடுபள்ளம் செலவில்லாமல் கிடைக்கும். அந்த எண்களை வடிவமைப்புக்குப் பயன்படுத்த முடியாது. துளையை எங்கே வைப்பது, எவ்வளவு ஆழத்துக்குத் தயாராக வருவது என்று முடிவு செய்ய அவை போதும்.

பிறகு மனையை நடந்து பார்ப்பது. கோடையில் கரிசலில் நடந்தால் நிலமே வாய் திறந்து காட்டும். கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கும். சுற்றுச்சுவர்களில் விரிசல் எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, வாசல்படி மேலே தூக்கியிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா, கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் சுவர் பிளந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கரிசலில் மோன்ட்மோரிலோனைட் என்னும் களித்தாது மிகுந்திருப்பதால், அது நீரை உறிஞ்சி உப்பும், உலர்ந்து சுருங்கும். மாடிக் கட்டடத்தைவிட எடை குறைந்த ஒற்றைத்தள வீட்டையும் சுற்றுச்சுவரையும்தான் அது எளிதில் தூக்கும். சுவரை ஒட்டி வேம்போ சீமைக் கருவேலமோ நின்றால், வேர் நீரை இழுத்து அந்தப் பக்கத்து மண்ணை மட்டும் சுருக்கும். சம்பைப் புல் கூட்டமாக நிற்கிற இடத்தில் ஆண்டின் பெரும்பகுதி நீர் தேங்குகிறது என்று பொருள். சுற்றிலும் செம்மண்ணாக இருக்க ஓரிடத்தில் மட்டும் உடைந்த ஓடும் பாலித்தீனும் தெரிந்தால், அங்கே பள்ளம் ஒன்று நிரப்பப்பட்டிருக்கிறது.

நடந்து முடித்தபின் சோதனைக் குழி. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செலவு குறைந்த இந்த வேலையைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு குழியைத் தோண்டினால், துளையில் ஒருபோதும் காண முடியாததைக் காணலாம்: அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, செம்மண் எங்கே முடிந்து சரளை எங்கே தொடங்குகிறது, அந்த எல்லை கூர்மையானதா மெல்ல மாறுவதா, வேர்கள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றன, கரிசலுக்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) எந்த ஆழத்தில் தட்டுகிறது, குழிச் சுவரில் ஈரம் எங்கிருந்து கசிகிறது. துளையிலிருந்து வரும் மாதிரி, மழிக்கப்பட்டு அழுத்தப்பட்டு வெளியே வரும். குழியில் மண் தன் இடத்தில் தானாக நிற்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்கக்கூடாது. நிரப்பிய மண்ணிலும் மணலிலும் அதற்கும் குறைந்த ஆழத்திலேயே சரியும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பதையும் நான் அனுமதிப்பதில்லை.

குழியில் நின்றபடியே சில சோதனைகள் கையால் முடியும். ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டி 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள திரியாகத் திரிப்பது அவற்றில் ஒன்று. அந்தத் தடிமனில் திரி உதிரத் தொடங்கும்போது மண்ணில் இருக்கும் நீரின் அளவே நெகிழ்நிலையின் கீழெல்லை. சுவீடனைச் சேர்ந்த அட்டர்பெர்க் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த எல்லைகளில் இது ஒன்று. இன்றும் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் இதே திரியைத்தான் உருட்டுகிறார்கள். திரி எளிதில் உடையாமல் நீண்டால் களி மிகுதி; உருட்டவே வராவிட்டால் வண்டல் அல்லது மணல். விரல் நுனியில் சிறிது மண்ணை நீரோடு தேய்த்தால் மணலின் நறநறப்பும் வண்டலின் மாவுத்தன்மையும் களியின் வழவழப்பும் பிரிந்து தெரியும்.

கரிசல் பக்கத்தில் நான் தவறாமல் செய்விப்பது தடையற்ற வீக்கச் சோதனை. 425 மைக்ரான் சல்லடையில் சலித்து உலர்த்திய மண்ணில் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு பங்கு எடுத்து, 100 மில்லிலிட்டர் அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி உப்பாது; நீரில் உப்பும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவைத்து, இரண்டிலும் மண் படிந்து நிற்கும் உயரத்தைப் படித்து, வேறுபாட்டை மண்ணெண்ணெய்க் குழாயின் அளவோடு ஒப்பிட்டுச் சதவீதமாக்கினால் வீக்கக் குறியீடு கிடைக்கும். அது ஐம்பதைத் தாண்டினால், அந்த மனையில் சாதாரண ஆழமில்லாத அடித்தளம் என்ற பேச்சை நான் நிறுத்திவிடுவேன். நுனி அகன்ற குறும்பைல்கள் (மண்ணுக்குள் இறக்கும் குட்டையான கான்கிரீட் தூண்கள்) என்று ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை கரிசலுக்கென்றே பொருந்துவது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறுகிற மேல்மண்ணைத் தாண்டி, ஈரம் மாறாத ஆழத்தில் பைலின் குமிழை ஊன்றுவதே அதன் அடிப்படை. இந்த முடிவு முன்கூட்டியே தெரிந்தால், துளைகள் எவ்வளவு ஆழம் போக வேண்டும், எந்த ஆழத்தில் கலையாத மாதிரி எடுக்க வேண்டும் என்பதும் மாறும். ரிப்போர்ட் வந்தபின் தெரிந்தால், லாரியைத் திரும்ப வரவழைக்க வேண்டும்.

சிலர் இந்த முன் ஆய்வுக்கு மாற்றாகத் தகட்டுச் சுமைச் சோதனையைக் கேட்கிறார்கள். அடித்தள மட்டத்தில் ஒரு இரும்புத் தகட்டை வைத்து, மேலே மணல் மூட்டைகளை அடுக்கி, ஜாக்கியால் அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. கண்ணெதிரே நடப்பதால் உரிமையாளருக்கு அதில் நம்பிக்கை வருகிறது. ஆனால் 60 சென்டிமீட்டர் தகட்டின் அழுத்தம் அதன் அகலத்தைப் போல் ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு ஆழம் வரைதான், அதாவது ஒரு மீட்டர் சொச்சம்தான், குறிப்பிடத்தக்க அளவில் எட்டும். மூன்று மீட்டர் அகல அடித்தளமோ நாலரை மீட்டருக்கும் கீழே போய் மண்ணை அழுத்தும். இடையில் மென்களி இருந்தால் தகட்டுக்கு அது தெரியாது. கனடாவின் டிரான்ஸ்கோனாவில் ரயில்வே நிறுவனம் கட்டிய பெரிய தானியக் களஞ்சியத்துக்கு இதுதான் நேர்ந்தது. அடித்தள மட்டத்தில் சுமைச் சோதனை செய்து மேல்களி தாங்கும் என்று கட்டினார்கள். 1913 அக்டோபரில் தானியம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே கட்டடம் முழுதாக ஒரு பக்கம் சாய்ந்து, சுமார் 27 பாகை சரிவில் போய் நின்றது. கட்டடம் உடையவில்லை, மண்தான் தோற்றது. பின்னாளில், 1950களின் தொடக்கத்தில் அங்கே துளை போட்டுப் பார்த்தபோது, கெட்டியான மேல்களிக்குக் கீழே அதைவிட மிகவும் மென்மையான களி இருந்தது உறுதியானது. நம் கண்மாய் மனைகளில் மேலே இரண்டு மீட்டர் கிராவலைக் கொட்டி உருளை ஓட்டியபின் தகடு வைத்துப் பார்ப்பது அதே நிலைமைதான்.

பெரிய மனைகளில் துளைக்கு முன் மின்தடை ஆய்வும் செய்வதுண்டு. நான்கு இரும்புக் கம்பிகளைச் சம இடைவெளியில் ஒரே கோட்டில் ஊன்றி, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பது வென்னர் முறை. இடைவெளியைக் கூட்டக் கூட்ட இன்னும் ஆழத்திலுள்ள அடுக்குகளின் தன்மை அளவீட்டில் கலந்து வரும். ஈரக் களியில் தடை சில பத்து ஓம்-மீட்டரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்; மக்காத கிரானைட்டில் ஆயிரக்கணக்கில் போகும். ஆகவே பாறை எந்தப் பக்கம் உயர்கிறது, எங்கே திடீரென்று பள்ளமாகிறது என்பதை இது நன்றாகக் காட்டும். நம் ஊரில் நிலத்தடி நீர் பார்க்கிறவர்கள் பயன்படுத்துவதும் இதே கருவிதான். கோடையில் காய்ந்த சரளையில் கம்பி சரியாகத் தரையைப் பற்றாது. கம்பியைச் சுற்றி நீர் ஊற்றித்தான் அளக்க வேண்டும். உருண்டைப் பாறைக் கூட்டத்தையும் தொடர்ந்த பாறையையும் இந்த முறையால் தெளிவாகப் பிரிக்க முடியாது என்பதை உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கேதான் துளை தேவைப்படுகிறது. பாறை தட்டியது என்று நிறுத்தாமல், குறைந்தது மூன்று மீட்டராவது பாறைக்குள் கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுத்துப் பார்த்தால்தான் அது மிதக்கும் கல்லா, அடிப்பாறையா என்று சொல்ல முடியும். அந்த மூன்று மீட்டருக்கு வைரமுனைக் குழாயும் அதற்குரிய இயந்திரமும் வேண்டும் என்பதால், இதுவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது.

நீர்மட்டத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வைகைக் கரையிலும் பெரியாறு பாசன நிலங்களிலும் நீர்மட்டம் பருவத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, கால்வாயில் நீர் விட்டிருக்கிறார்களா என்பதையும் பொறுத்தது. மே மாதத்தில் துளை போட்டு நீரே இல்லை என்று எழுதிய மனையில், வடகிழக்குப் பருவமழை முடிந்து போனால் ஒரு மீட்டரில் நீர் நிற்கலாம். மணலில் நீர்மட்டம் அடித்தளம் வரை உயர்ந்தால் அதன் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே துளை போடும் மாதம் எதுவாக இருந்தாலும், பக்கத்துக் கிணறுகளின் உறைகளில் மழைக்கால நீர்க்கறை எந்த உயரத்தில் படிந்திருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்வேன். துளை போடும் குழுவுக்கும் இது நேரடியாகத் தேவை. நீர்மட்டத்துக்குக் கீழே நுண்மணலில் துளைக்குள் இருக்கும் நீர் வெளி நீரைவிடத் தாழ்ந்துபோனால், கீழிருந்து மணல் கொப்பளித்து ஏறி அடிமண்ணைத் தளர்த்திவிடும். அதன்பின் அடித்து எண்ணுகிற எண்ணுக்கு மதிப்பில்லை.

அந்த எண் எப்படி வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து, பிளவுக் குழாய் ஒன்றை மண்ணுக்குள் அடிப்பது. முதல் 15 சென்டிமீட்டருக்கு ஆகும் அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை; அடுத்த இரண்டு 15 சென்டிமீட்டர்களுக்கு ஆகும் அடிகளைக் கூட்டினால் வருவதே ‘N வேல்யூ’ எனப்படும் எண். ஐ.எஸ். 2131 இதன் தரநிலை. சுத்தியல் கயிற்றில் முழு உயரம் ஏறாமல் விழுந்தாலும், அடியில் கழுவப்படாத மண் கிடந்தாலும், சரளைக்கல் ஒன்று குழாயின் வாயில் சிக்கினாலும் எண் மாறிவிடும். என் கைக்கு ஒருமுறை ஒரு ரிப்போர்ட் சரிபார்க்க வந்தது. ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் எண் ஒரே சீராக ஏறிக்கொண்டு போனது, எல்லாத் துளையிலும் ஒரே மாதிரி. இயற்கை நிலத்தில், அதிலும் உருண்டைப் பாறையும் மக்கிய சரளையும் கலந்த நிலத்தில், அப்படி வராது. மனைக்குப் போய் ஒரு குழி தோண்டினோம். ரிப்போர்ட்டில் செம்மண் என்று எழுதியிருந்த ஆழத்தில் இடிபாட்டுக் குப்பை கிடந்தது. முன் ஆய்வு இருந்தால், வரும் எண்களை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கையில் இருக்கும். இல்லாவிட்டால் எழுதிக் கொடுத்ததை நம்புவதைத் தவிர வழியில்லை.

துளையின் இடத்தைக் கடைசியாகக் குறிக்கும்போது, பூமிக்கடியில் என்ன ஓடுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கேபிள், தொலைத்தொடர்புக் கண்ணாடி இழை எல்லாம் நகரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. தோண்டுகிறவரும் கேபிளுக்கு உரியவரும் முன்கூட்டியே தொடர்பு கொள்வதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைத் தொடங்கியது. அதில் பதிந்துவிட்டாலும், முதல் ஒன்றரை மீட்டரை இயந்திரத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கையால் தோண்டிப் பார்ப்பதையே நான் வற்புறுத்துகிறேன். தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். முக்காலியை நிமிர்த்தும்போது மின்கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால், துளையைத் தள்ளி வைப்பதைத் தவிர வேறு பேச்சே கூடாது. வேலை செய்கிற தம்பிகளின் உயிரைவிட வரைபடத்துப் புள்ளி பெரிதல்ல.

இவ்வளவும் ஆனபின்தான் துளைத் திட்டம் எழுதுவேன். எத்தனை துளை, எந்தெந்தப் புள்ளியில், தனி அடித்தளமென்றால் அதன் மட்டத்துக்குக் கீழே அகலத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு ஆழம், பாறை வந்தால் எவ்வளவு கோர், களி வந்தால் எந்த ஆழத்தில் மெழுகு பூசி மூடிய குழாய் மாதிரி, மண்ணிலும் நீரிலும் சல்ஃபேட்டும் குளோரைடும் பார்க்க வேண்டுமா என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி, துளைக் குழுவின் மேஸ்திரியிடம் மனையிலேயே நின்று விளக்கிவிடுவேன். எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதாவது வந்தால் துளையை மூடாமல் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது அதில் முதல் வரி. மேஸ்திரிக்கு எதை எதிர்பார்ப்பது என்று சொல்லியிருந்தால்தான், மாறாக வந்தது எது என்று அவருக்குத் தெரியும். வேலை முடிந்தபின் ஒவ்வொரு துளையையும் அடிவரை நிரப்பி இறுக்கி மூடுவதும் அந்தத் தாளில் இருக்கும்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். புல வரைபடம், ஒரு நாள் நடை, இரண்டு குழிகள், வீக்கச் சோதனை எல்லாம் சேர்ந்தும் ஒரு துளையின் செலவைத் தாண்டுவது அரிது. இவற்றைச் செய்தபின் சில மனைகளில் துளைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, சிலவற்றில் கூடியிருக்கிறது. கூடியபோது உரிமையாளர் முகம் சுருங்கியதுண்டு. அப்போது நான் குழிக்குப் பக்கத்தில் அவரை அழைத்துக்கொண்டுபோய், சுவரில் தெரியும் நிரப்பு மண்ணையும் அதற்குக் கீழேயுள்ள கறுப்புக் களியையும் விரலால் தொட்டுக் காட்டுவேன். பெரும்பாலும் அதற்குப் பிறகு வாதம் இருப்பதில்லை.

துளை எல்லாம் முடிந்து வடிவமைப்பும் வந்தபின், அடித்தளத்துக்கு வானம் தோண்டும் நாளன்றும் நான் அங்கே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கிறேன். மனையில் திறக்கப்படும் மிகப் பெரிய சோதனைக் குழி அதுதான். மாதிரிப் பைகளையும் கோர் பெட்டிகளையும் அதுவரை எறியாமல் வைத்திருந்து, ஒவ்வொரு தூண் குழியின் அடிமண்ணையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்து, திட்டத்தில் எழுதிய அடுக்குதான் கீழே இருக்கிறது என்று உறுதியான குழிகளில் மட்டும் கான்கிரீட் போடச் சொல்வேன். மாறுபட்ட குழிகளை இன்னும் ஆழப்படுத்தவோ, அந்தத் தூணுக்கு வடிவமைப்பை மாற்றவோ பொறியாளருக்கு அன்றைக்கே எழுதிவிடுவேன்.